கதவில் தொங்கிய சிவப்பு அட்டை

ஷெர்லினின் வலது முட்டி அலாரத்துக்குக் கால்மணி நேரம் முன்னாலேயே விழித்துக்கொள்ளும். அது விழித்தால் அவளும் விழித்தாக வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, இரண்டு முறை காலை நீட்டி மடக்கி, அது ஒத்துழைக்கும் என்று தெரிந்த பிறகுதான் அடுப்படிக்குப் போவாள்.

மண்ணூரில் சர்ச்சுக்குப் பின்தெருவில் வீடு. சோறு வடித்து, ஒன்பதாவது படிக்கும் மகள் கவிப்பிரியாவுக்கு டிபன் கட்டி, கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு வந்து குப்புறக் கிடக்கும் புருஷன் இனியவனுக்கு ஒரு தட்டை மூடி வைத்துவிட்டு, ஆறு மணிக்கு மெயின் ரோட்டில் நிற்பாள். ஓட்டல் வேன் வரும். கார்களை அடுக்கிய ட்ரெய்லர்களுக்குப் பின்னால் அது ஒரகடம் வரை ஊர்ந்து போகும் முக்கால் மணி நேரம்தான் அவளுக்கு அந்த நாளின் ஓய்வு. ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தபடி, வாய் லேசாகத் திறந்துகொள்ளத் தூங்குவாள். இறங்கும் இடம் வந்ததும் பக்கத்து சீட்டு மாரிசெல்வி தோளைத் தட்டுவாள்.

"எக்கா, எந்திரிங்க. வந்துட்டு."

மாரிசெல்விக்கு சங்கரன்கோவில் பக்கம். பென்னலூரில் ஒரு அறையில் நாலு பெண்களோடு தங்கியிருந்தாள். ஓட்டலின் நாலாவது மாடியை அவளும் ஷெர்லினும்தான் ஆளுக்குப் பாதியாகப் பார்த்துக்கொண்டார்கள். ஆளுக்குப் பதினாறு அறை. ஓர் அறைக்கு இருபத்தைந்து நிமிடம்.

ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் தங்குகிற ஓட்டல் இல்லை அது. மிஷின் நிறுவ வந்த ஜப்பான்காரர்கள், தரம் சோதிக்க வந்த கொரியாக்காரர்கள், ஆடிட்டுக்கு வந்து மூன்றே நாளில் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பும் வடநாட்டு ஆட்கள். எல்லோரும் காலையில் தொழிற்சாலைக்குப் போய் இருட்டிய பிறகு களைத்து வருகிறவர்கள். களைத்தவர்களுக்காகக் களைத்தவர்கள் படுக்கை விரிக்கும் இடம் என்று ஷெர்லின் ஒருமுறை வீட்டில் சொன்னாள். இனியவன் தலையாட்டிவிட்டுத் தூங்கிப் போனான்.

அவள் இந்த வேலைக்கு ஆசைப்பட்டு வந்தவள் அல்ல. பத்தொன்பது வயதில் செல்போன் கம்பெனி லைனில் சேர்ந்தாள். ஏழு வருஷம். ஒரு நாள் அந்தக் கம்பெனியை மூடினார்கள். கேட்டுக்கு வெளியே நின்று அழுத ஆயிரக்கணக்கான பெண்களில் இவளும் ஒருத்தி. அப்போது கவிப்பிரியாவுக்கு மூன்று வயது. புதிதாகத் திறந்த ஓட்டலில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, விருந்தோம்பல் தொழில் என்றால் சமையலோ என்னமோ என்று நினைத்துக்கொண்டுதான் போனாள். கையில் ஸ்ப்ரே பாட்டிலும் துணிகளும் கொடுத்து ஒரு குளியலறைக்குள் அனுப்பினார்கள்.

லைனில் பழகிய கை அவளைக் காப்பாற்றியது. பெட்ஷீட்டின் மூலையை நாற்பத்தைந்து டிகிரியில் மடித்து மெத்தைக்கடியில் செருக வேண்டும் என்றார்கள். மூன்றாவது தடவையே சரியாக வந்தது. எந்தத் துணி கண்ணாடிக்கு, எது கழிப்பறைக்கு, எந்த மருந்தை எதோடு கலந்தால் மூச்சு முட்டும் என்பதெல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிட்டது. ஆங்கிலம்தான் பயமுறுத்தியது. கவிப்பிரியாவின் எல்.கே.ஜி. புத்தகத்தோடு சேர்ந்து அவளும் படித்தாள். பிறகு ஜப்பானிய மொழியில் பத்து வார்த்தை, கொரிய மொழியில் எட்டு. அதற்கு மேல் தேவைப்படவில்லை. ஜாடையும் நேரம் தவறாமையும் மீதியைப் பார்த்துக்கொண்டன.

எந்த வகுப்பிலும் சொல்லித்தராத ஒன்றை அவளாகவே கற்றுக்கொண்டாள். அறையைப் படிப்பது. தலையணை ஒன்று காலடியில் கிடந்தால் அந்த ஆளுக்கு இடுப்பு வலி. மறுநாள் கூடுதலாக ஒரு தலையணை வைத்துவிடுவாள். டீ பொட்டலங்கள் தொடாமல் கிடந்து காபி மட்டும் காலியானால், அடுத்த நாள் டீயை எடுத்துவிட்டுக் காபியை இரட்டிப்பாக வைப்பாள். குப்பைத்தொட்டியில் கிழித்த போட்டோவைப் பார்த்தால் அன்றைக்கு அந்த அறைக்காரரிடம் குட்மார்னிங் மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வாள். இதையெல்லாம் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல நேரமும் இல்லை.

அந்த வருஷம் மழைக்காலத்தில் நானூற்றுப் பன்னிரண்டாம் அறைக்கு ஹயாஷி என்றொருவர் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. தகடு அழுத்தும் பிரஸ் மிஷின் நிறுவும் இன்ஜினியர். மூன்று மாதத் தங்கல். வந்த இரண்டாம் நாள் காலையில் டிராலியைத் தள்ளிக்கொண்டு போன ஷெர்லினை நிறுத்தி, உள்ளே கூப்பிட்டு, சின்ன ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினார். பேனா மாதிரி நாலு ஊசிகள். கதவருகே துளையில் செருகியிருந்த சாவி அட்டையை உருவிக் காட்டினார். விளக்கு அணைந்தது. ஃப்ரிட்ஜும் அணைந்தது. இரண்டு கையையும் பெருக்கல் குறி போல வைத்து, "நோ. மெடிசின்" என்றார்.

ஷெர்லினுக்குப் புரிந்தது. அவள் அப்பா தாவீதுக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. எலக்ட்ரீஷியனைப் பிடித்து அந்த ஃப்ரிட்ஜுக்கு நேர் இணைப்பு கொடுக்கச் சொன்னாள். அவர் இழுத்தடித்தார். அதுவரை ஒரு பழைய அட்டையைக் கொண்டுவந்து துளையிலேயே செருகி வைத்தாள். அன்றிலிருந்து ஹயாஷி அவளைக் கண்டால் இடுப்பு வரை குனிந்து வணக்கம் சொல்வார். துவைக்கும் துணிப்பையைத் திங்கட்கிழமை ஏழு மணிக்குக் கதவுப் பிடியில் மாட்டிவிடுவார். உள்ளே துணிக் கணக்குச் சீட்டு நாலாக மடிந்திருக்கும். ஒரு வாரமும் தவறியதில்லை.

ஹயாஷி வந்து ஒன்பதாவது வாரம், ஒரு சனிக்கிழமை மதியம், வேலை முடிந்த கையோடு எல்லோரையும் கீழ்த்தளக் கூட்ட அறைக்குப் போகச் சொன்னார்கள். சென்னையிலிருந்து ஐஸ்வர்யா என்று ஒரு பயிற்சியாளர் வந்திருந்தாள். உற்சாகமான பெண். விருந்தினர் பத்தடி தூரத்தில் வரும்போது கண்ணைப் பார்க்க வேண்டும், ஐந்தடியில் புன்னகைத்து வணங்க வேண்டும் என்று நடந்தே காட்டினாள். ஷெர்லின் பின்வரிசையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் குளிர்ந்த தரையில் பாதத்தை வைத்திருந்தாள். எட்டு மணி நேரத்தில் அதுதான் முதல் சுகம்.

"இந்தத் துறையில இருக்கிறவங்களுக்கு ரொம்ப முக்கியமான திறமை எது? ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்" என்றாள் ஐஸ்வர்யா.

ரிசப்ஷன் பையன்கள் கம்யூனிகேஷன் என்றார்கள். சமையல்கட்டுக்காரர் சுத்தம் என்றார். மாரிசெல்வி எழுந்து, "பொறும மேடம். அப்புறம் இடுப்பு" என்றாள். கூட்டம் சிரித்தது.

ஷெர்லினின் முறை வந்தது. எழுந்திருக்காமலே சொன்னாள். "பாத்தத பாக்காத மாதிரி இருக்கறது மேடம். ஆனா பாத்துகினே இருக்கணும்."

ஐஸ்வர்யா ஒரு நொடி யோசித்து, பலகையில் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு சொல்லை எழுதி அடிக்கோடிட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போனாள்.

ஞாயிறு ஷெர்லினுக்கு வார விடுமுறை. திங்கட்கிழமை காலையில் நாலாவது மாடிக்குப் போனபோது நானூற்றுப் பன்னிரண்டின் கதவில் 'தொந்தரவு செய்யாதீர்கள்' என்ற சிவப்பு அட்டை தொங்கியது. துணிப்பை இல்லை. மணி ஏழரை தாண்டியிருந்தது.

பதிவேட்டைப் புரட்டினாள். சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு அறை சுத்தம் செய்யப்படவில்லை. ஞாயிறும் இல்லை. 'விருந்தினர் வேண்டாம் என்றார்' என்று எழுதியிருந்தது. சாப்பாட்டுக் கூடத்துக்கு இறங்கிக் காலை உணவுப் பட்டியலைப் பார்த்தாள். ஞாயிறும் இன்றும் அவர் பெயருக்கு நேரே டிக் இல்லை. போர்டிகோவில் கம்பெனி கார் டிரைவர் சுப்பன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நாலு பன்னெண்டு சாரு இன்னும் வர்லியாண்ணே?"

"அவருக்கு ஜொரம்மா. நேத்தே மெசேஜ் போட்டுட்டாராம், ரெண்டு நாள் வர மாட்டேன்னு. நான் மத்தவங்கள ஏத்திகினு போறேன்."

காய்ச்சல். அப்படியென்றால் சரிதான் என்று திரும்பினாள். சர்வீஸ் லிஃப்டில் ஏறி மூன்றாவது மாடி தாண்டும்போதுதான் அந்தக் கணக்கு மனதுக்குள் வந்து உட்கார்ந்தது. காய்ச்சல். சாப்பிட இறங்கவில்லை. மேலேயும் எதுவும் போகவில்லை. போயிருந்தால் வராந்தாவில் தட்டு கிடக்கும். ஆனால் ஊசியை மட்டும் வேளை தவறாமல் போட்டிருப்பார். துணிப்பையையே மணி பார்த்து மாட்டுகிற ஆள்.

மாடிக் கூடத்திலிருந்த போனில் நானூற்றுப் பன்னிரண்டுக்கு அடித்தாள். பத்துப் பன்னிரண்டு முறை ஒலித்த பிறகு எடுத்தார். எப்போதும் "ஹாய், தேங்க்யூ" என்று வெட்டிப் பேசுகிறவர், ஜப்பானிய மொழியில் நீளமாக, நாக்கு குழறி, யாரிடமோ கதை சொல்வதைப் போல இழுத்து இழுத்துப் பேசினார். பேச்சு பாதியில் நின்றது. போன் வைக்கப்படவில்லை.

அந்தக் குரலை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா இதே குரலில், செத்துப்போன தன் தம்பியைச் சாப்பிடக் கூப்பிட்டார். கை ஐஸாகக் குளிர்ந்து, சட்டை நனைந்து. டாக்டர் பிறகு சொன்னார், சர்க்கரை இறங்கினால் அப்படித்தான், ஏறுவதைவிட இது ஆபத்து என்று.

டியூட்டி மேனேஜர் பிரசன்னா ரிசப்ஷனில் இருந்தான். முப்பது வயதுகூட ஆகாதவன். கெட்ட பையன் அல்ல.

"சார், நாலு பன்னெண்ட தொறக்கணும்."

"நேத்துதானே அக்கா நானே போன் பண்ணேன். வேணாம்னார். ஜுரம்னு கம்பெனிக்கும் சொல்லியிருக்கார்."

"இப்ப பேச்சு கொளறுது சார். சர்க்கரை ஊசி போட்டுக்குற ஆளு. ரெண்டு நாளா ஒண்ணும் துன்னல."

"பேசினார்ல? அப்ப நல்லாதான் இருக்கார். ஜுரத்துல தூங்கிட்டிருப்பார்." குரலைத் தாழ்த்தினான். "போன மாசம் முன்னூத்தஞ்சுல கார்டு தொங்கும்போதே கதவைத் திறந்துட்டோம்னு அந்தம்மா எவ்ளோ பெரிய மெயில் போட்டாங்க. எனக்கு மெமோ வந்துச்சு. ஜி.எம். வேதாந்த் சார் பத்து மணிக்கு வந்துடுவார். அவர்கிட்ட கேட்டுட்டுப் போகலாம்."

சுவர்க் கடிகாரத்தில் எட்டு பத்து.

ஷெர்லினுக்கு அந்த நேரத்தில் வாதாடத் தெம்பில்லை. சொன்னால் கேட்கிற முகமா, கேட்காத முகமா என்பதும் இத்தனை வருஷத்தில் படிக்கக் கற்றுக்கொண்டதுதான். "சரி சார்" என்றாள். திரும்பி நடந்தாள். சர்வீஸ் லிஃப்ட் லாண்டரி மூட்டையோடு கீழ்த்தளத்தில் நின்றுவிட்டிருந்தது. படியில் ஏறினாள். நாலு மாடி. ஒவ்வொரு படிக்கும் முட்டி கத்தியது.

மாரிசெல்வி டிராலியோடு எதிரே வந்தாள். "என்னக்கா, மூச்சு இப்பிடி வாங்குது?"

"நீ கீழ போய் பிரசன்னா சார இட்டுகினு வா. நான் தொறந்துட்டேன்னு சொல்லு."

"இன்னும் தொறக்கலியேக்கா."

"நீ போய் சேர்றதுக்குள்ள தொறந்திருப்பேன். போ."

மூன்று முறை தட்டினாள். மூன்று முறையும் "ஹவுஸ்கீப்பிங்" என்று குரல் கொடுத்தாள். பிறகு மாஸ்டர் அட்டையை வைத்தாள். உள்கொண்டி போட்டிருக்கவில்லை.

அறை குளிர்ந்து இருண்டு கிடந்தது. கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே கம்பளத்தின் மீது ஹயாஷி ஒருக்களித்துக் கிடந்தார். போன் ரிசீவர் காற்றில் தொங்கியது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கால்சட்டையும் நனைந்திருந்தது. கூப்பிட்டால் கண் இமை மட்டும் துடித்தது.

தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும், பக்கவாட்டில் திருப்பு. செல்போன் கம்பெனியில் பாதுகாப்பு வகுப்பில் கற்றது. ஆளைத் திருப்பினாள். டீ தட்டிலிருந்த சர்க்கரைப் பொட்டலங்களைப் பல்லால் கிழித்துக் கையில் கொட்டி, இரண்டு சொட்டுத் தண்ணீரில் குழைத்து, விரலால் அவர் கன்னத்தின் உட்பக்கம் தடவினாள். கொஞ்சம் கொஞ்சமாக. மறுபடி. மறுபடி. மண்டியிட்டு இருந்ததால் முட்டி மரத்துப்போய், கால் இருப்பதே தெரியவில்லை.

பிரசன்னா ஓடி வந்தான். வாசலிலேயே முகம் வெளுத்து நின்றான். பிறகு சுதாரித்து ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தான். நல்ல வேளை, அந்த வேலையைச் சுருக்கமாகவும் தெளிவாகவும் செய்தான்.

ஆம்புலன்ஸ்காரர்கள் ஏறி வருவதற்குள் ஹயாஷியின் கண் திறந்தது. முதலில் கூரையைப் பார்த்தார். பிறகு இவளை. பிறகு தன் கால்சட்டையை. கையை நகர்த்தி எதையோ இழுத்து மூடப் பார்த்தார். கைக்கு வலு இல்லை. ஷெர்லின் கட்டிலிலிருந்து கனத்த போர்வையை உருவி அவர்மீது கழுத்து வரை போர்த்தினாள். ஸ்ட்ரெச்சரோடு ஆண்கள் உள்ளே வந்தபோது அவர் சுத்தமான வெள்ளைக்குள் இருந்தார்.

ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டார். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் சொல்ல முடியாது என்றார்களாம்.

மதியம் இரண்டு மணிக்கு ஜெனரல் மேனேஜர் வேதாந்த் கூப்பிட்டு அனுப்பினார். ஸ்ரீபெரும்புதூர்க்காரர். கோயில் கைங்கரியக் குடும்பத்தில் பிறந்து, வீட்டில் எல்லோரும் முகம் சுளிக்க ஓட்டல் படிப்புக்குப் போனவர் என்று சொல்வார்கள். அவர் கண்ணுக்குக் கீழேயும் கருவளையம் இருந்தது.

"உட்காருங்க ஷெர்லின்."

பத்து வருஷத்தில் அந்த அறையில் அவளை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் ஒரு தாளை நகர்த்தினார். ஹயாஷியின் கம்பெனி விளக்கம் கேட்டிருந்தது. அதற்கான அறிக்கை. ஷெர்லின் எழுத்துக்கூட்டிப் படித்தாள். எட்டேகாலுக்கு, டியூட்டி மேனேஜரின் உத்தரவின்படி, அவர் முன்னிலையில் அறை திறக்கப்பட்டது என்று இருந்தது.

"பிரசன்னா சார் அப்ப இல்லியே சார்."

"தெரியும். அவனே என்கிட்ட ஒப்புக்கிட்டான்." வேதாந்த் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "கார்டு தொங்குற அறையை நீங்க தனியா திறந்தீங்கன்னு எழுதினா, ரூல்படி முதல் மெமோ உங்களுக்குத்தான். அடுத்தது அவனுக்கு. அப்புறம் எனக்கு. நீங்க செஞ்சது எவ்ளோ பெரிய காரியம்னு எனக்குத் தெரியும். ஆனா அதை இந்தத் தாள்ல எழுத எனக்கு வழி தெரியலம்மா."

கோபப்பட வேண்டிய இடம் என்று அவளுக்குத் தெரிந்தது. கோபம் வருகிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். இன்னும் ஒன்பது அறை பாக்கி இருக்கிறது என்ற நினைப்புதான் வந்தது. கையெழுத்துப் போட்டாள்.

வராந்தாவில் பிரசன்னா நின்றிருந்தான். "அக்கா, நான் காலையிலயே…"

"வுடுங்க சார். ஆளு பொழச்சிகினாரு. எனக்கு வேலை கீது."

வெள்ளிக்கிழமை ஹயாஷி திரும்பி வருகிறார் என்று தகவல் வந்தது. கூடவே ஒரு கோரிக்கையும். அவருக்கு வேறு மாடியில் அறை வேண்டுமாம். இரண்டாவது மாடியானால் நல்லது.

மாரிசெல்விக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. "உசுரக் காப்பாத்துனவ மூஞ்சிய ஏறிட்டுப் பாக்க மாட்டாராமா? என்ன மனுசன்க்கா இவரு!"

ஷெர்லினுக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. தலையணைக்கு உறையை மாட்டி முடித்து, தட்டிச் சமமாக்கினாள். பிறகு சொன்னாள். "அப்படி கெடந்தத நான் பாத்துட்டேன் இல்ல. தெனம் காலைல என் மூஞ்சில முழிச்சா அவருக்கு அதுதான் ஞாபகம் வரும். நீயா இருந்தா இன்னா பண்ணுவ?"

மாரிசெல்வி அழுக்கு உறைகளை அள்ளி டிராலியில் திணித்தாள்.

ஹயாஷி வருவதற்குள் ஷெர்லின் அவருடைய பொருள்களை இருநூற்று எட்டுக்கு மாற்றினாள். மேசையில் அவர் பேனா வைக்கும் திசை, செருப்பு வைக்கும் இடம், ஜன்னல் திரை எவ்வளவு விலகியிருக்க வேண்டும் என்பது வரை பழையபடியே வைத்தாள். எலக்ட்ரீஷியனை இந்த முறை நின்று வேலை வாங்கி ஃப்ரிட்ஜுக்கு நேர் இணைப்பு கொடுக்க வைத்தாள். கட்டிலிலிருந்து கை நீட்டினால் எட்டும்படி இரண்டு ஜூஸ் டப்பா, ஒரு பிஸ்கட் பொட்டலம். இரண்டாவது மாடிப் பெண்ணிடம், காலை உணவுக்கு அவர் இறங்காவிட்டால் உடனே சாப்பாட்டுக் கூடத்துக்குச் சொல்லிக் கஞ்சி அனுப்பச் சொன்னாள். அதன் பிறகு மூன்று வாரம், அவர் காருக்குப் போகும் ஏழரை மணிக்கு லாபிப் பக்கமே போகாமல், முட்டி வலியோடு பின்படியிலேயே ஏறி இறங்கினாள்.

அவர் ஊருக்குப் போன அன்று பிரசன்னா கருத்துப் படிவத்தைக் கொண்டுவந்து காட்டினான். ஒரே வரி. அறை அமைதியாக இருந்தது, நன்றி.

"உங்க பேர எழுதியிருக்கலாம்" என்றான் வருத்தத்தோடு.

"போதும் சார்" என்றாள் ஷெர்லின். உண்மையாகவே போதும் என்றுதான் இருந்தது.

பொங்கல் கழிந்ததும் அவளை ஃப்ளோர் சூப்பர்வைசராகப் போட்டார்கள். பிரசன்னாதான் பிடிவாதமாகச் சிபாரிசு செய்தான். டிப்ளமோ இல்லாதவரைப் போடக் கூடாது என்று தலைமை அலுவலகம் இழுத்தது. வேதாந்த் இரண்டு மாதம் எழுதி எழுதி வாங்கினார். சாம்பல் நிறக் கோட்டும், கையில் ஒரு டேப்லெட்டும் கொடுத்தார்கள். இனி முட்டி போட்டுத் துடைக்க வேண்டாம் என்று இனியவன் சந்தோஷப்பட்டான். துடைக்க வேண்டாம்தான். ஆனால் இப்போது ஐந்து மாடியும் அவளுடையது.

ஒவ்வொரு அறையையும் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். எங்கே தூசி, எங்கே கறை, யார் பொறுப்பு. முதல் வாரத்திலேயே மாரிசெல்வி சுத்தம் செய்த அறையில் குளியல் தொட்டியில் முடி கிடந்தது. துடைத்து எடுத்துவிட்டுப் பேசாமல் வந்தாள். இரண்டாவது முறை தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். மூன்றாவது முறை ஆடிட்டுக்கு வந்தவர்களே கண்டுபிடித்தார்கள். எழுதாமல் விட முடியாது.

"எழுதிக்கோங்க மேடம்" என்றாள் மாரிசெல்வி.

அக்கா மேடமானது அன்றைக்குத்தான். மறுநாளிலிருந்து வேனில் அவள் முன் சீட்டுக்குப் போய்விட்டாள். இறங்கும் இடத்தில் டிரைவர்தான் ஷெர்லினை எழுப்ப வேண்டியிருந்தது.

ஷெர்லின் அதற்கு முந்தைய மூன்று மாத ஷிஃப்ட் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். ஆள் பற்றாக்குறை என்று மாரிசெல்விக்கு வாரத்தில் நாலு நாள் ஓ.டி. போட்டிருந்தார்கள். ஓ.டி. நாளில் இருபத்திரண்டு அறை. அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு பிரசன்னாவிடம் போனாள். அவன் ஆள் இல்லை என்றான். "ஆளு இல்லன்னா ரூம மூடுங்க சார்" என்றாள். இதுவரை யாரிடமும் அந்தக் குரலில் பேசியதில்லை. அவன் அவள் முகத்தைப் பார்த்தான். ஒருமுறை இவள் சொல்லிக் கேட்காமல் விட்டது நினைவுக்கு வந்ததோ என்னமோ, பட்டியலை வாங்கிக்கொண்டான். மறு வாரத்திலிருந்து எல்லோருக்கும் பதினான்கு அறை ஆனது. ஓ.டி. இரண்டு நாளுக்கு மேல் இல்லை.

மாரிசெல்வி அதற்காக உடனே வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடவில்லை. முன் சீட்டிலேயேதான் இருந்தாள். ஒரு நாள் இறங்கும்போது மட்டும், "இன்னைக்கி கால ரொம்ப இழுக்கீகளே" என்று சொல்லிவிட்டுப் போனாள். மேடம் என்று சேர்க்கவில்லை. அதுவரைக்கும் சரி என்று ஷெர்லின் எடுத்துக்கொண்டாள்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்து, புடவையைக்கூட மாற்றாமல் ஐந்து நிமிஷம் என்று பாயில் சாய்ந்தாள். விழித்தபோது வெயில் சாய்ந்து சமையல்கட்டுச் சுவரில் விழுந்திருந்தது. கழுவிய டம்ளர்கள் கவிழ்த்து வைத்திருந்தன. எட்டு டம்ளர். வாசலில் ஒரு பை நிறையக் கொய்யாப்பழம்.

"யாரு வந்தா?"

"சேரப்பணஞ்சேரி சித்தப்பா வூட்டுல. ஆறு பேரு. ரெண்டு மணி நேரம் இருந்துட்டு இப்பதான் போறாங்க" என்றான் இனியவன். அடுப்பு முன்னால் நின்றிருந்தான்.

"அய்யய்யோ. எழுப்பக் கூடாதா? வூட்டுக்கு வந்தவங்கள வாங்கன்னு கூட சொல்லாம… இன்னா நெனச்சிருப்பாங்க?"

"எழுப்புனேனே. 'டூ மினிட்ஸ் சார்'னுட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துகின."

கவிப்பிரியா அறைக்குள்ளிருந்து பக்கென்று சிரித்தாள். ஷெர்லினுக்கு வெட்கமாக இருந்தது, சிரிக்கவும் முடியவில்லை.

"இன்னா குடுத்த அவங்களுக்கு?"

"டீ போட்டேன். பாப்பா போய் பஜ்ஜி வாங்கினு வந்துச்சு. சித்தி உன்ன எழுப்பாதன்னு சொல்லிச்சு. வர்ற மாசம் மறுபடி வருவாங்களாம், அப்ப முழிச்சிகினு இருக்கச் சொன்னாங்க."

அவன் ஒரு டம்ளரைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தான். சர்க்கரை அதிகம், தூள் குறைவு. யாரோ போட்டுக் கையில் கொடுத்த டீ. எழுந்து முகம் கழுவலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். முட்டியைப் பார்த்தாள். சுவரில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு, மெதுவாகக் குடித்தாள்.